முதலில் அழும் குழாய்

தீயணைப்பு வேலை பார்ப்பவருக்குத் 'தீப்பெட்டி' என்று பெயர் வைத்த புண்ணியவான் யார் என்று கடைசிவரை துப்புத் துலங்கவில்லை. கேட்டால் பேக்கிங் பிரிவு தையல் பிரிவைக் கைகாட்டும். தையல் பிரிவு கேன்டீனைக் கைகாட்டும். ஆள் ஒடிசல். தலை மட்டும் உடம்புக்கு ஒரு சுற்றுப் பெரிது. "நியாயமா பார்த்தா தீக்குச்சின்னுதான் வெச்சிருக்கணும். ஏதோ பெரிய மனசு பண்ணிப் பெட்டின்னு மரியாதை குடுத்திருக்காங்க" என்று அவரே சொல்லிக்கொள்வார். நாளடைவில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் குடியிருந்தது.

அது லினன் துணி கம்பெனி. சட்டை, படுக்கை விரிப்பு, மேஜை விரிப்பு என்று வெட்டித் தைத்து, தேய்த்து, மடித்து அனுப்புவார்கள். லினன் கசங்குவதற்கென்றே பிறந்த துணி. உட்கார்ந்தால் கசங்கும், எழுந்தால் கசங்கும், கோபமாகப் பார்த்தால்கூடக் கசங்கும். அதனால் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்த இஸ்திரிப் பிரிவுதான் கம்பெனிக்கு உயிர்நாடி. அங்கே முப்பது மேஜைகள், முப்பது பெண்கள். பதினேழாவது மேஜையில் நின்றவள் தீப்பெட்டியின் தங்கை.

தங்கையின் கணவர்தான் அந்தக் கம்பெனியின் புரொடக்‌ஷன் மேனேஜர். துணி வெட்டும் மேஜையில் ஆரம்பித்து, படிப்படியாக ஏறி, நான்காவது மாடிக் கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்தவர். உட்கார்ந்ததும் மனைவியை வேலையை விடச் சொன்னார். "மேனேஜர் பெண்டாட்டி இஸ்திரி போட்டா கம்பெனி கசங்கிடுமா?" என்று கேட்டுவிட்டு அவள் மறுநாளும் பதினேழாவது மேஜைக்கே போனாள். மேனேஜர் என்பதால் கம்பெனியே அடுக்குமாடியில் ஒரு வீடு கொடுத்திருந்தது. மூன்று அறை, இரண்டு பெண் பிள்ளைகள், பெரியவள் அப்போதுதான் கல்லூரிக்குள் கால் வைத்திருந்தாள்.

தீப்பெட்டிக்குக் கல்யாணம் ஆகவில்லை. தெருக்கோடியில் ஒற்றை அறை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் தங்கை வீட்டுச் சாப்பாடு. ஆறு நாளும் அந்த ஒரு மதியத்தை நோக்கித்தான் அவர் நடந்துகொண்டிருந்தார் என்று சொன்னால் அது கதைக்காகச் சொல்வதல்ல. அந்த வீட்டில் மேனேஜர் அவருக்கு 'மாப்பிள்ளை'. கம்பெனி வாசலைத் தாண்டினால் 'சார்'. மேனேஜரும் வெளியே 'மச்சான்' என்பார், உள்ளே வந்தால் 'என்ன தீப்பெட்டி' என்பார். இத்தனை வருஷத்தில் எந்தப் பக்கம் வாசல் என்று இருவருமே ஒருநாளும் தடுமாறியதில்லை.

இருபத்தாறு வருஷமாக அந்தக் கட்டடத்தில் நெருப்பு என்ற ஒன்று எட்டிப்பார்க்கவில்லை. "மத்தவங்க எல்லாம் ஏதாவது நடக்க வெச்சுச் சம்பளம் வாங்குறாங்க. நான் ஒண்ணும் நடக்காததுக்கு வாங்குறேன். எது கஷ்டம்னு உங்க மேனேஜரைக் கேளுங்க" என்பார் இஸ்திரிப் பெண்களிடம். அவர்களும் அவரைப் பார்த்தால் "அண்ணே, என் மேஜை புகையுது" என்று வம்புக்கு இழுப்பார்கள். ஓடிவந்து பார்த்தால் டீ டம்ளரில் ஆவி பறந்துகொண்டிருக்கும்.

மாடிக்கு ஒன்றாக, படிக்கட்டு முனைகளில் கண்ணாடிக் கதவு போட்ட சிவப்புப் பெட்டிகள் இருந்தன. உள்ளே தீயணைக்கும் குழாய். மற்ற இடங்களில் ரப்பர் வைத்த குழாய் இருக்கும். இங்கே சுத்தமான லினனில் உருளையாக நெய்த குழாய், உள்ளே ஒரு பொட்டு ரப்பர் கிடையாது. "லினன் விக்கிற வீட்டுல ரப்பருக்கு என்ன வேலை?" என்று பழைய முதலாளி பிடிவாதமாக வாங்கி வைத்தது. புதிதாக வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே சந்தேகம்தான் வரும்: துணியில் எப்படி ஐயா தண்ணீர் நிற்கும்?

நிற்கும். அதுதான் லினன் நெய்யும் ஆளி நாரின் குணம். வால்வைத் திறந்ததும் முதலில் உடம்பெல்லாம் கசியும். பிறகு நூல் தண்ணீர் குடித்து ஊதி, ஒன்றோடொன்று நெருக்கி, ஓட்டைகளைத் தானாக அடைத்துக்கொள்ளும். அதற்கு ஒரு நிமிஷம் பிடிக்கும். "முதல்ல அழும். அப்புறம் வாயை மூடிக்கிட்டு வேலையைப் பார்க்கும். நல்ல குடும்பத்துப் பிள்ளை" என்று தீப்பெட்டி விளக்கம் சொல்வார்.

ஆனால் ஒரு தடவை நனைத்துவிட்டால் அதற்குப் பிறகு அது பச்சைக் குழந்தை. முழு நீளத்துக்கும் தொங்கவிட்டு, நான்கு நாள் காற்றாட விட்டு, சொட்டு ஈரமில்லாமல் காய்ந்த பிறகுதான் மடிக்க வேண்டும். ஈரத்தோடு மடித்து வைத்தால் மடிப்புக்குள் பூஞ்சை பிடித்து நூலைத் தின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். உள்ளே சொத்தைப் பல். அதனால் நெருப்பு வந்தாலொழிய அந்தக் குழாய்களில் தண்ணீர் காட்டக் கூடாது என்பது சட்டம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு அட்டை தொங்கும். 'குழாய் உலர்ந்த நிலையில் உள்ளது' என்று அதில் மாதாமாதம் தீப்பெட்டி கையெழுத்துப் போடுவார்.

கம்பெனிக்கு வயது ஐம்பது ஆனபோது எம்.டி.க்கு ஓர் ஆசை வந்தது. மொத்தமாக வாங்கும் பெரிய வெளிநாட்டுப் பையர்கள் அறுபது பேரை வரவழைத்து, கீழே ஷோரூமில் ஒரு கண்காட்சி வைக்க வேண்டும். லினனை மனிதன் எதற்கெல்லாம் பயன்படுத்தினான் என்று ஆதியிலிருந்து காட்ட வேண்டும். பொறுப்பு மேனேஜர் தலையில் விழுந்தது.

அவர் பாவம், அலையாய் அலைந்து சேர்த்தார். நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் பிணத்தை லினன் பட்டைகளில் சுற்றிப் புதைத்தார்கள் என்பதற்காக, ஷோரூம் கண்ணாடிக்குள் சட்டை மாட்டி நின்ற பொம்மையைக் கழற்றிப் படுக்கவைத்து, தலை முதல் கால் வரை சுற்றினார்கள். பட்டை போதாமல் ஒரு கால் கட்டைவிரல் வெளியே தெரிந்தது. பாய்மரத் துண்டு, ஓவியர்கள் தீட்டும் கித்தான், பழைய புத்தக அட்டை, ஆரம்பகால விமானங்களின் இறக்கையில் லினனை இழுத்துப் போர்த்தியிருந்தார்கள் என்பதற்கு ஒரு மர இறக்கை, கந்தல் லினனைக் கூழாக்கிச் செய்த காகிதம், அதே கந்தலைச் சுரண்டி எடுத்த பஞ்சை அந்தக் காலத்தில் காயத்தில் வைத்துக் கட்டினார்கள் என்று ஒரு கண்ணாடிக் குப்பி. எல்லாம் வந்துவிட்டது. சுவரில் நடுநாயகமாக ஆறடி இடம் மட்டும் காலியாக இருந்தது.

அன்றைக்குத்தான் மேனேஜர் மூன்றாவது மாடிப் படிக்கட்டில் தீப்பெட்டியைப் பிடித்தார்.

"மச்சான், ஒரு சின்ன உதவி."

தீப்பெட்டி பின்னால் திரும்பிப் பார்த்தார். "வாசலைத் தாண்டி உள்ளதானே நிக்கிறோம்? மச்சான்கிறீங்க. விஷயம் பெருசா இருக்கும்போல."

"இந்தக் குழாயும் லினன்தானே? உலகத்துல எவன்கிட்டயும் இப்ப இருக்காது. நாலு நாளைக்குக் கீழே தொங்கட்டும். நீங்களே பக்கத்துல நின்னு விளக்கம் சொல்லுங்க."

"பெட்டி காலியா இருக்குமே, சார்?"

"இருபத்தாறு வருஷமா வராத நெருப்பு இந்த நாலு நாள்ல டிக்கெட் எடுத்துக்கிட்டு வரப்போகுதா? எம்.டி.யே கேட்டாரு, அந்தக் குழாய்க்காரர் யாருன்னு. உங்களுக்குச் சட்டைகூடத் தைக்கச் சொல்லியாச்சு."

இரண்டாவது மாடிப் பெட்டியும் நாலாவது மாடிப் பெட்டியும் இருக்கின்றனவே என்று தீப்பெட்டி தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். உண்மையில் அவரைத் தள்ளிவிட்டது அந்தச் சட்டைதான். இருபத்தாறு வருஷம் லினன் கம்பெனியில் இருந்தும் ஒரு லினன் சட்டை அவர் உடம்பில் ஏறியதில்லை. வெளிர்நீலத்தில் வந்தது. தங்கையே தேய்த்துக் கொடுத்தாள். "உக்காராதே அண்ணே, நாலு நாளைக்கு நின்னுக்கிட்டே இரு" என்றாள்.

கண்காட்சி அன்று பிணத்தையும் பாய்மரத்தையும் பார்த்துக் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்த பையர்கள் குழாயின் முன்னால் நின்றுவிட்டார்கள். தீப்பெட்டிக்கு நாக்கில் சரஸ்வதி வந்து உட்கார்ந்தாள். முதலில் அழும் கதையைச் சொன்னார். நல்ல குடும்பத்துப் பிள்ளை கதையைச் சொன்னார். மொழிபெயர்ப்பவர் சொல்லி முடிப்பதற்குள்ளேயே இவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஒரு நரைத்தலைக்காரர் மட்டும் சிரிக்காமல், துணியை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார்.

"நம்ப முடியலையாம். காட்ட முடியுமான்னு கேக்குறாரு" என்றார் மொழிபெயர்ப்பவர்.

"அது வந்து, நனைக்கக் கூடாதுங்க..." என்று ஆரம்பித்த தீப்பெட்டி நிமிர்ந்தார். அறுபது ஜோடிக் கண்கள். எம்.டி. புன்னகையோடு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தார். மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். கண்ணைக்கூடக் காட்டவில்லை. "காட்டலாங்க, அதுக்கென்ன" என்று சொன்னது தீப்பெட்டியின் சொந்த வாய்.

முற்றத்தில் வால்வோடு பூட்டித் திறந்தார்கள். குழாய் பாம்பாய்ப் புரண்டு, நீளம் முழுக்க வியர்த்து, ஊற்றாய்ப் பீய்ச்சியது. பையர்கள் காலணியைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினார்கள். தீப்பெட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு விரலை உயர்த்தி, பொறுங்கள் என்றார். நாற்பது விநாடி. ஐம்பது. கசிவு சுருங்கியது, நின்றது, முனையிலிருந்து தண்ணீர் நேராக எழுந்து எதிர்ச் சுவரில் அறைந்தது. கைதட்டினார்கள். எம்.டி. தோளில் தட்டினார். தீப்பெட்டியின் ஐம்பத்து மூன்று வருஷ வாழ்க்கையில் அவருக்காக யாரும் கைதட்டியது அதுதான் முதல் தடவை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவர் முழுசாக நனைந்து நின்றார்.

அதன் பிறகு குழாயைத் தொங்கவிட வேண்டும். படிக்கட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் மேலிருந்து கீழ்வரை தொங்கவிட்டால்தான் அதன் நீளம் கொள்ளும்.

"இன்னும் மூணு நாள் பையர் எல்லாம் இந்தப் படியிலதான் ஏறி இறங்குவாங்க" என்றார் மேனேஜர். "துவைச்ச துணி மாதிரி இது நடுவுல தொங்கினா நல்லாவா இருக்கும்?"

"மொட்டை மாடியில போடலாம்னா தினமும் சாயங்காலம் மழை புடிச்சு ஊத்துது, சார்."

"அப்ப மடிச்சுப் பெட்டியில வைங்க. அவங்க கிளம்பினதும் எடுத்துக் காயப்போடலாம். மூணு நாள்ல செத்துடாது."

மூன்று நாளில் சாகாதுதான். இருவரும் ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு, சொட்டச் சொட்ட இஸ்திரிப் பிரிவு வழியாகப் போய், மூன்றாவது மாடிப் பெட்டிக்குள் மடித்து வைத்தார்கள்.

பையர்கள் கிளம்பினார்கள். கையோடு அந்த நரைத்தலைக்காரர் நாற்பதாயிரம் மேஜை விரிப்புக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார். படிக்கட்டில் ஓயாமல் மூட்டை ஏறி இறங்கியது. தீப்பெட்டி கண்ணாடி அறைக்குப் போய்க் கேட்டார். "இந்த வாரம் படியை மறைச்சா என்னைக் கொன்னுடுவாங்க" என்றார் மேனேஜர். அடுத்த வாரமும் கேட்டார். "லோடு போகட்டும்" என்றார். மூன்றாவது தடவை தீப்பெட்டி போகவில்லை. ஏன் போகவில்லை என்று பிற்பாடு அவர் எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்திருக்கிறார். மேனேஜர் முகம் சுளிப்பார் என்பது பாதி. மீதிப் பாதி இன்னும் கேவலமானது: கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் குழாய் புத்தம் புதுசாக இருந்தது. மாதக் கடைசியில் அட்டையை எடுத்து, 'உலர்ந்த நிலையில் உள்ளது' என்பதற்கு நேராகக் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதமும் போட்டார். மொத்தம் நான்கு கையெழுத்து.

நெருப்பு ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு வந்தது. பத்தொன்பதாவது மேஜையின் ஒயர் பொறி தட்டி, சுவரோரம் மண்டிக்கிடந்த துணித் தூசியைப் பற்றி, தேய்த்து அடுக்கியிருந்த மேஜை விரிப்புகளில் ஏறியது. சிலிண்டரில் இருந்த பொடியை அடித்துத் தீர்த்தார்கள். அவசர வழிக்குப் போகிற பாதையை மறித்து அடுக்கியிருந்த துணிக்கட்டு எரிய, அதற்கு அந்தப் பக்கம் நான்கு பெண்கள் மாட்டிக்கொண்டார்கள்.

தங்கைதான் ஓடினாள். அண்ணன் ஆயிரம் தடவை சொன்ன கதையாயிற்றே. கண்ணாடியை உடைத்து, குழாயை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடி, "திறங்கடி" என்றாள். திறந்தார்கள். குழாய் அழுதது. அழட்டும் என்று முனையைப் பிடித்தபடி அவள் காத்திருந்தாள். நிமிஷம் ஓடியது, அழுகை நிற்கவில்லை. முதல் மடிப்பில் கிழிந்தது, இரண்டாவதில் கிழிந்தது, அப்புறம் நீளத்துக்கும் வாய் பிளந்தது. தண்ணீர் மொத்தமும் படிக்கட்டில் அருவியாகக் கொட்டிக்கொண்டிருக்க, அவள் கையிலிருந்த முனையில் நாலு சொட்டு வந்தது.

தீப்பெட்டி இரண்டாவது மாடிக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே வந்து, வால்வைத் திறக்கச் சொன்னார். அது காய்ந்த குழாய். அதுவும் முறைப்படி ஒரு நிமிஷம் அழுதுதான் ஆக வேண்டும். இருபத்தாறு வருஷமாக நகைச்சுவையாகச் சொல்லிவந்த அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அவர் அன்றுதான் பார்த்தார். குழாய் கசிந்துகொண்டிருந்த அந்த நேரத்தில்தான், எதிரே, அவருடைய தங்கை எரிகிற துணிக்கட்டை வெறும் கையால் பிடித்து வழியிலிருந்து இழுத்தாள்.

நான்கு பெண்களும் வெளியே வந்தார்கள். நெருப்பு அணைந்தது. உயிர்ச்சேதம் இல்லை என்று அன்று மாலையே எம்.டி. அறிக்கை கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கைகளும் முழங்கை வரை கட்டோடு அவள் படுத்திருந்தாள். மேனேஜர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். நடிப்பில்லை. எம்.டி.யிடமிருந்து போன் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். அறையில் அண்ணனும் தங்கையும் மட்டும்.

"சொட்டச் சொட்ட என் மேஜை வழியாத்தானே தூக்கிட்டுப் போனீங்க ரெண்டு பேரும்" என்றாள் தங்கை.

தீப்பெட்டி தரையைப் பார்த்தார்.

"நனைச்சது நீ. அப்படியே வைக்கச் சொன்னது அவரு. அப்படித்தானே?"

"அப்படித்தான்மா."

"விசாரணை வருதாமே. யாரு வைக்கச் சொன்னதுன்னு கேப்பாங்க." அவள் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "அவர் பேரைச் சொல்லாதே அண்ணே."

தீப்பெட்டி அவளுடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

"உனக்குப் போனா வேலை போகும். அவருக்குப் போனா வேலை, வீடு, பெரியவ படிப்பு எல்லாம் போகும். இந்தக் கையை வெச்சுக்கிட்டு நான் இனிமே எதைத் தேய்ச்சுச் சம்பாதிக்கிறது?"

"அழாதேம்மா. கண்ணைத் துடைச்சுக்கவும் கை இல்ல உனக்கு." பக்கத்தில் கிடந்த துண்டால் அவரே துடைத்துவிட்டார். "எனக்குன்னு போறதுக்கு என்ன இருக்கு? கூப்பிடுற பேருகூட என்னோடது இல்ல."

அவள் சிரிக்கவில்லை. அந்த இடத்தில் அவருக்கே அது அவ்வளவு நல்ல ஜோக்காகப் படவில்லை.

விசாரணைக்கு வந்த தீயணைப்புத் துறை அதிகாரி ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். கிழிந்த குழாயை மேஜையில் போட்டு, மடிப்பு விழுந்த இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கினார். அப்பளம் மாதிரி நொறுங்கியது. மேஜையின் மறுகோடியில் மேனேஜர் தன் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஈரத்தோட மடிச்சு வைக்கச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லலைங்க. நானே வெச்சேன். காயப்போட மறந்துட்டேன்."

"நாலு மாசமாவா?"

"மறக்கிறதுன்னா முழுசா மறக்கணும் இல்லைங்களா."

அந்த அம்மாள் சிரிக்கிற ஜாதி இல்லை. அட்டையை எடுத்துப் போட்டார். "இந்த நாலும் உங்க கையெழுத்துதானே?"

"என்னோடதுதான். அதுல சந்தேகமே வேண்டாம்."

"சார், உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாது மேடம்" என்றார் மேனேஜர். "அட்டையில கையெழுத்து இருந்தது. நம்பிட்டேன்." குரல் கொஞ்சம் பிசிறியது. மனைவிக்கு அடிபட்ட துக்கம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

அதிகாரி ஏதோ ஒரு தாளைப் புரட்டினார். "காயம்பட்டவங்க உங்க தங்கச்சின்னு போட்டிருக்கு."

"ஆமாங்க."

அவர் தலையை உயர்த்தித் தீப்பெட்டியைப் பார்த்தார். இப்படியும் ஒருத்தன் இருப்பானா என்று பார்க்கிற பார்வை. பிறகு குனிந்து நெடுநேரம் எழுதினார்.

ஒரு வாரத்தில் வேலைநீக்கக் கடிதம் வந்தது. அதில் அவருடைய முழுப்பெயர் அழகாக அச்சாகியிருந்தது. கேன்டீன் பக்கம் போனார், பேச்சு நின்றது. இஸ்திரிப் பெண்களில் ஒருத்தி, எரிகிற கட்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட நால்வரில் ஒருத்தி, அவருடைய காலடியில் காறித் துப்பினாள். அவளிடம் எதையும் விளக்க முடியாது. விளக்கினாலும், துப்பியதில் பாதி நியாயம்தான்.

பிறகு ஒரு சிமென்ட் கிடங்கில் காவலாளி வேலை கிடைத்தது. "இதுல நெருப்பு புடிக்காது பாரு, அதான் என்னை நம்பிச் சேர்த்துக்கிட்டாங்க" என்று தங்கையிடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைகள் நிற்கவில்லை. முதல் ஞாயிறு மேனேஜர் தன் கையாலேயே அவருக்குப் பரிமாறினார். மச்சான் முகத்தைப் பார்க்க முடியாமல் தட்டையே பார்த்துக்கொண்டு, போதும் போதும் என்றாலும் போட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாவது ஞாயிறு முகத்தைப் பார்த்தார். ஐந்தாவது ஞாயிறு, "நீங்க மூணாவது தடவையும் வந்து கேட்டிருக்கணும் மச்சான்" என்றார். தீப்பெட்டி ஆமாம் என்றார், அது உண்மையும்கூட. இரண்டாவது மாதம், "ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். தீப்பெட்டி சோற்றில் கையை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார். மாப்பிள்ளை அவரை ஏமாற்றவில்லை, ஊருக்காகப் பேசவும் இல்லை. நிஜமாகவே கேட்டார். விசாரணை அறையில் சொன்ன பொய் அவருக்குள் மெல்ல மெல்ல ஊறி, உப்பி, எல்லா ஓட்டையையும் அடைத்துக்கொண்டு உண்மையாகியிருந்தது.

தங்கைக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். வலது கை தேறிவிட்டது. இடது கையில் மூன்று விரல் மடங்கவில்லை. வாளியைத் தூக்குவது, ஜாடி மூடியைத் திருகுவது எல்லாவற்றுக்கும் சின்னவளைக் கூப்பிட வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிறு மேனேஜருடைய அண்ணன் வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். ஏழெட்டுப் பேர் பந்தி. பேச்சு எப்படியோ நெருப்புக்கு வந்தது.

"எங்க மச்சான் தங்கமான மனுஷன்" என்று ஆரம்பித்தார் மேனேஜர், தீப்பெட்டியின் தொடையில் அன்பாகத் தட்டி. "ஒரு சூதுவாது தெரியாது. வேலையில மட்டும் கொஞ்சம் அசட்டை. ஒரு குழாயைக் காயப்போடணும், அவ்வளவுதான் வேலை. அதைச் செய்யாம கையெழுத்தை மட்டும் போட்டா? நான் நாலாவது மாடியில உக்காந்துக்கிட்டு எதைன்னு பாக்கிறது?"

"குடும்பத்து ஆளை வேலையில வெச்சா இதான் தொல்லை" என்றார் அண்ணன்காரர், சாப்பிட்டுக்கொண்டே.

"போலீஸ் கேஸ் ஆகாம பார்த்துக்கிறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு. அதெல்லாம் நான் வெளியில சொல்றதில்ல." அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு. சின்ன வயசுலயே இவர் இப்படித்தானே?"

தங்கை தண்ணீர்ச் செம்பை வலது கையால் தூக்கி, மடங்காத விரல்களை அடியில் முட்டுக் கொடுத்து, அண்ணன்காரருடைய டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்தாள். செம்பைக் கீழே வைத்தாள்.

"ஆமாங்க" என்றாள். "அண்ணன் எப்பவும் இப்படித்தான்."

சின்னவள் மட்டும் அம்மாவையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தாள். இனி இதைத் தூக்கி நிறுத்துவது தன் வேலை என்று தீப்பெட்டிக்குத் தெரிந்தது.

"எப்பவும்னா, பொறக்கிறதுக்கு முன்னாடியிலிருந்தே" என்றார். "டாக்டர் சொன்ன தேதிக்குப் பத்து நாள் கழிச்சுதான் பொறந்தேன். எங்கம்மா கேட்டதுக்கு, மறந்துட்டேன்னு சொன்னேனாம்."

அண்ணன்காரருக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு வந்தது. மேனேஜர் அவர் முதுகில் தட்டிக்கொண்டே தானும் சிரித்தார். பந்தி கலகலப்பாக முடிந்தது.

தீப்பெட்டி கிளம்பியபோது தங்கை பின்னாலேயே வந்தாள். வழக்கமாக வாசலோடு நின்றுவிடுகிறவள், அன்று ஒரு தளம் கீழே இறங்கி, படி திரும்பும் இடம்வரை வந்தாள். மேலே வீட்டுக்குள் இன்னும் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, அடுத்த ஞாயித்துக்கிழமை வராதே."

"ஏன், எங்கயாவது போறீங்களா?"

"எங்கயும் போகல." அவள் சுவரைப் பார்த்தபடி பேசினாள். "அதுக்கு அடுத்த வாரமும் வேண்டாம். நீ வந்தா அவரு அதைப் பேசுறாரு. பேசினா என்னைக் கேக்குறாரு. நான் ஆமாங்கன்னு சொல்ல வேண்டியிருக்கு."

"சொல்லிட்டுப் போயேன்மா. நான்தானே. எனக்கு என்ன வந்துது?"

"உனக்கு ஒண்ணுமில்ல. நீ சிரிச்சுடுவே." அவள் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "இன்னிக்குச் சொல்லும்போது ஒரு நிமிஷம் எனக்கே அது நிஜம்னு தோணிடுச்சு அண்ணே. இன்னும் நாலு தடவை சொன்னா நான் நம்பிடுவேன். அதுக்குள்ள நீ வராம இரு."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இருபத்தாறு வருஷத்தில் எந்தப் படிக்கட்டிலும் அவருக்கு வார்த்தை பஞ்சமாக இருந்ததில்லை. அவள் காத்திருந்தாள், வேடிக்கையாக ஒன்று வரும், அதைக் கேட்டுவிட்டு மேலே போகலாம் என்பதுபோலக் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

"சரிம்மா" என்றார்.

மேலேயிருந்து, "யாருகிட்ட பேசிட்டிருக்கே?" என்று மேனேஜரின் குரல் கேட்டது.

"யாருமில்லைங்க. இதோ வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே அவள் படியேறினாள்.